நவம்பர் மேசையில் சின்னக் கைகள்

அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமை விடிந்ததுமே அடுப்படி சூடேறிவிடும். 12 முதல் 14 பவுண்டு எடையுள்ள வான்கோழி, உள்ளே எதையும் திணிக்காமல், 325 டிகிரி பாரன்ஹீட் சூட்டில் வேக 3 மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும் என்று அந்நாட்டு வேளாண் துறையே கணக்குச் சொல்கிறது. அதோடு உருளைக்கிழங்கை மசிக்க வேண்டும், பம்ப்கின் பை சுட வேண்டும், ஊரிலிருந்து வருகிறவர்களுக்குப் படுக்கை விரிக்க வேண்டும். பெரியவர்கள் எல்லாருக்கும் கைநிறைய வேலை. வீட்டிலிருக்கும் மூன்று வயதுக் குழந்தைக்கு மட்டும் ஒரு வேலையும் இல்லை. அது அடுப்பருகே வந்து நிற்கும். "நானும் செய்றேன்" என்று காலைக் கட்டிக்கொள்ளும். கடைசியில் கையில் ஃபோனைக் கொடுத்து சோபாவில் உட்காரவைத்துவிடுவார்கள்.

அந்த "நானும்" என்ற சொல்லுக்கு நல்ல பதில் தேடுவதே இந்த அத்தியாயத்தின் வேலை.

அந்த வியாழக்கிழமையில் வரும் தேங்க்ஸ்கிவிங் என்ற நன்றி நவிலும் நாள் அடிப்படையில் ஓர் அறுவடை விருந்து. 1621 இலையுதிர் காலத்தில், இன்றைய மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிளிமத்தில், முதல் அறுவடை முடிந்த ஆங்கிலேயக் குடியேறிகள் ஐம்பது பேரளவில் இருந்தார்கள். அப்பகுதிப் பூர்வகுடிகளான வாம்பனோவாக் மக்களின் தலைவர் மாசசாயிட்டும் அவரோடு வந்த 90 ஆண்களும் அவர்களுடன் மூன்று நாள் சேர்ந்து உண்டார்கள். ஆண்டுதோறும் நாடு முழுக்க ஒரே நாளில் கொண்டாடும் வழக்கமோ வெகுகாலம் கழித்து வந்தது. சாரா ஜோசஃபா ஹேல் என்ற பத்திரிகை ஆசிரியர் பல ஆண்டுகள் எழுதியும் கேட்டும் ஓயாமலிருந்த பிறகு, 1863இல் அதிபர் லிங்கன் அதற்கான அறிவிப்பை வெளியிட்டார். நான்காம் வியாழன் என்று சட்டமாக நிலைத்தது 1941இல்தான்.

அறுவடை விருந்து என்பதால் அதற்கான கைவேலைப் பொருள்களையும் அறுவடைக் காலமே கொடுத்துவிடுகிறது. உதிர்ந்த இலை, மக்காச்சோளக் கதிர், பரங்கி விதை, கிரான்பெர்ரி, பைன் கூம்பு எல்லாம் நவம்பரில் வாசலிலும் கடையிலும் கிடைக்கும். கைவினைக் கடையில் அட்டைப் பெட்டியில் அடைத்து விற்கும் 'கிட்' வாங்கினால், குழந்தை செய்வதற்கு அதில் மிச்சம் எதுவும் இருக்காது. எல்லாத் துண்டும் ஏற்கெனவே வெட்டப்பட்டிருக்கும். பெட்டியின் மேல் அச்சிட்ட படம்போல் வரவில்லையே என்று பெரியவர் திருத்த ஆரம்பிப்பார். குழந்தை எழுந்து போய்விடும்.

எந்த வயதுக்கு எது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. இரண்டு வயதுக் குழந்தைக்குக் கிழிப்பதும் ஒட்டுவதும் அமுக்குவதும் பெரிய இன்பம். மூன்றை ஒட்டித்தான் கத்தரிக்கோல் பிடிக்க வரும். அதுவும் காகித ஓரத்தைச் சுருக் சுருக்கென்று நறுக்கும் அளவுக்கே. கோட்டின் மேல் வெட்ட ஐந்து வயதாவது ஆகட்டும். ஒரு வேலைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஒதுக்கினால் போதும். டாய்லெட் பேப்பர் சுற்றிவரும் அட்டைக்குழாய் எல்லார் வீட்டிலும் இருக்கும். அதற்குள் நுழையும் அளவுள்ள எந்தப் பொருளும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் தொண்டையில் சிக்கக்கூடும் என்று கொள்வது பழைய, பயனுள்ள அளவுகோல். மணி, பொத்தான், ஒட்டும் பொம்மைக் கண் எதுவானாலும் முதலில் இந்தக் குழாயில் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

இலை பொறுக்கும் நடை

பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பு, மழை பெய்யாத ஒரு நாளில், கையில் காகிதப் பையோடு குழந்தையைக் கூட்டிக்கொண்டு தெருவில் இறங்குவதுதான் முதல் வேலை. மேப்பிள், ஓக், பீச் என்று அமெரிக்காவின் வடகிழக்கில் வகை வகையாக இலை கிடைக்கும். கையால் நொறுக்கினால் பொடியாகும் சருகு வேண்டாம். வளைத்தால் வளைகிற, புதிதாக உதிர்ந்த இலையே வேலைக்கு ஆகும்.

நடந்துகொண்டே ஒரு கேள்வி கேட்கலாம்: "இந்த மஞ்சள் எங்கேருந்து வந்துச்சு?" மஞ்சள் எங்கிருந்தும் வரவில்லை. கோடை முழுக்க இலைக்குள்ளேயே இருந்தது. பச்சையம் நிறைந்திருந்ததால் கண்ணில் படவில்லை. பகல் குறுகி, குளிர் ஏற ஏற மரம் பச்சையம் உண்டாக்குவதை நிறுத்திவிடுகிறது. பச்சை வடிந்ததும் உள்ளே ஒளிந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பின் கதை வேறு: மேப்பிள் போன்ற மரங்கள் அந்த நிறத்தை இலையுதிர் காலத்தில் புதிதாகவே உண்டாக்குகின்றன. ஒளிந்திருந்த நிறம், புதிதாகப் பிறந்த நிறம் என்று சொன்னால் நான்கு வயதுக் குழந்தைக்குப் புரியும், வழியெல்லாம் ஒவ்வோர் இலையையும் எடுத்து "இது ஒளிஞ்சிருந்ததா, புதுசா?" என்று கேட்டுக்கொண்டே வரும்.

வீட்டுக்கு வந்ததும் பொறுக்கியதை மூன்றாகப் பிரிக்கலாம். நல்ல வடிவுள்ள சில இலைகளைப் பழைய செய்தித்தாளுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஒரு வாரம் விட்டுவிட வேண்டும். தட்டையாகக் காய்ந்த இந்த இலைகள் விருந்தன்று பெயரட்டைகளாக உதவும்.

நரம்பு புடைத்த இலைகள் தேய்ப்புப் படத்துக்கு. இலையை நரம்புப் பக்கம் மேலே தெரியும்படி மேசையில் வைத்து, அதன்மேல் மெல்லிய வெள்ளைத்தாளைப் போர்த்த வேண்டும். கிரயானைச் சுற்றியிருக்கும் காகிதத்தை உரித்துவிட்டு, படுக்கைவாட்டில் பிடித்துத் தேய்க்க வேண்டும். நுனியால் தேய்த்தால் தாள் கிழியும், படமும் வராது. தாள் நகராமல் இருக்க நான்கு மூலையிலும் டேப் ஒட்டிவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. வெறும் தாளில் இருந்து ஒவ்வொரு நரம்பாக எழுந்து வருவதைப் பார்க்கும் குழந்தையின் முகத்தைக் கூட இருக்கிறவர்கள் தவறவிடக் கூடாது. செலவு என்று பார்த்தால் ஒரு கிரயான் துண்டு.

மிச்சமுள்ள சின்ன இலைகளை இரண்டு மெழுகுத்தாளுக்கு நடுவே பரப்பி, மேலே ஒரு துணியைப் போட்டு, நீராவி இல்லாமல் மிதமான சூட்டில் இஸ்திரி போட்டால் மெழுகு உருகி இரண்டு தாளும் ஒட்டிக்கொள்ளும். அடுக்குவது குழந்தை, இஸ்திரி பிடிப்பது பெரியவர். சன்னல் கண்ணாடியில் ஒட்டினால் பிற்பகல் வெயில் அதன் வழியே நிறம் நிறமாக விழும்.

உள்ளங்கை வான்கோழி

அமெரிக்காவில் நர்சரிப் பள்ளிக்குப் போன ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் செய்திருக்கும் கைவேலை இது. விரித்த கையைத் தாளில் பதித்தால் நான்கு விரலும் வால் இறகு, கட்டைவிரல் தலை, உள்ளங்கை உடம்பு. கண்ணும் அலகும் காலும் வரைந்துவிட்டால் வான்கோழி ரெடி. இத்தனை எளிதான ஒன்றைச் சலிப்பு என்று ஒதுக்கிவிடத் தேவையில்லை. எளிமைதான் அதன் பலம்.

நன்றாகப் பதிய ஒரு சின்ன நுட்பம் உண்டு. தட்டில் பெயின்ட் ஊற்றி அதில் கையை முக்கவைப்பதுதான் பலரும் செய்வது. நிறம் விரலிடுக்கில் தேங்கி, தாளில் ஒரு குழம்பாக விழும். அதற்குப் பதில், தண்ணீரில் கழுவினால் போகும் பெயின்ட்டைத் தூரிகையால் கையில் பூச வேண்டும்: உள்ளங்கைக்கும் கட்டைவிரலுக்கும் பழுப்பு, நான்கு விரலுக்கும் நான்கு நிறம். தூரிகை உள்ளங்கையில் கூசும்போது குழந்தை சிரித்துக் கையை மூடிக்கொள்ளும். அதற்கும் கொஞ்சம் நேரம் ஒதுக்கிக்கொள்ளலாம். பதிக்கும்போது பெரியவர் ஒவ்வொரு விரலையும் மேலிருந்து மெல்ல அழுத்திவிட்டு, கையை நேராக மேலே எடுக்க வேண்டும். முகத்தைத் தாள் காய்ந்த பிறகு வரையலாம்.

காகிதத்தில் செய்தது அடுத்த ஆண்டு காணாமல் போகும். அதையே துணிப் பெயின்ட்டால், வெள்ளைப் பருத்தி மேசைவிரிப்பில் பதித்தால் பல ஆண்டு நிற்கும். ஒவ்வொரு நவம்பரிலும் ஒரு கை, பக்கத்தில் பெயரும் ஆண்டும். தம்பி தங்கை பிறந்தால் அவர்களுக்கும் ஒரு வரிசை. ஐந்தாறு ஆண்டில் விரிப்பே வளர்ச்சிக் கணக்காகிவிடும்.

படம் காயும் வரை சொல்ல வான்கோழியைப் பற்றிக் கதைகள் நிறைய. காட்டு வான்கோழிக்கு ஐயாயிரத்துக்கும் மேல் இறகுகள். இரவில் மரக்கிளையில் ஏறித் தூங்கும். பண்ணையில் கொழுக்க வளர்ப்பது பறக்காது, காட்டில் வாழ்வது நன்றாகவே பறக்கும். ஆண் பறவையின் தலை மனநிலைக்கேற்பச் சிவப்பு, நீலம், வெள்ளை என்று மாறும். ஆகவே குழந்தை வான்கோழித் தலைக்கு நீல நிறம் அடித்தால் "அது தப்பு" என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். மாசசூசெட்ஸில் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே காட்டு வான்கோழி அற்றுப்போயிருந்தது. 1972-73இல் நியூயார்க் மாநிலத்திலிருந்து 37 பறவைகளைக் கொண்டுவந்து மேற்கு மலைப்பகுதியில் விட்டார்கள். இன்று அங்கே ஆயிரக்கணக்கில் திரிகின்றன. பாஸ்டன் புறநகர்த் தெருக்களில் கூட்டமாக நின்று காரை மறிக்கின்றன. தெருவில் நேராகப் பார்த்த பறவையை வரையும் குழந்தையின் படம் தனியாகவே தெரியும்.

இறகுக் கிரீடமும் கறுப்புத் தொப்பியும்

இந்தப் பண்டிகைக்கென்றே இன்னும் இரண்டு கைவேலைகள் நெடுங்காலம் பள்ளிகளில் நடந்தன: தலையைச் சுற்றிக் காகித இறகு செருகிய கிரீடம், நடுவில் மஞ்சள் பக்கிள் ஒட்டிய கறுப்புத் தொப்பி. பாதி வகுப்பு 'இந்தியர்' என்ற பெயரில் பூர்வகுடிகள், பாதி வகுப்பு 'யாத்ரிகர்' என்ற பெயரில் குடியேறிகள். இவ்விரண்டையும் விட்டுவிடச் சொல்வதில் இந்த நூலுக்குத் தயக்கமே இல்லை.

முதல் காரணம், இரண்டுமே உண்மையில்லை. நெடிய இறகுக் கிரீடம் பல நூறு மைல் மேற்கே உள்ள சமவெளி மக்களுடையது. அவர்களிடத்திலும் அது சம்பாதிக்க வேண்டிய மரியாதை. வாம்பனோவாக் மக்கள் அதை அணிந்ததில்லை. குடியேறிகளும் பக்கிள் வைத்த தொப்பியோடு திரியவில்லை. சிவப்பு, நீலம், பச்சை, பழுப்பு என்று பல நிறத்தில் உடுத்தினார்கள். இரண்டாவது காரணம் இன்னும் கனமானது. வாம்பனோவாக் மக்கள் இன்றும் மாசசூசெட்ஸின் மாஷ்பியிலும் அக்குவின்னாவிலும் வாழ்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் அதே மாநிலத்துப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். 1970 முதல் ஆண்டுதோறும் இதே வியாழக்கிழமையில், பிளிமத்தின் கோல்ஸ் குன்றில் பூர்வகுடி மக்கள் கூடி அதைத் துக்க நாளாக அனுசரிக்கிறார்கள். வந்தவர்களோடு வந்த நோயும், பின்னால் வந்த போரும், பறிபோன நிலமும் அவர்கள் நினைவில் இருக்கின்றன. ஒரு மக்களின் உடையைக் காகிதத்தில் வெட்டி, விளையாடி, மாலையில் குப்பையில் போடுவது அந்த நினைவுக்கு முன்னால் நல்ல விளையாட்டல்ல. பல பள்ளிகள் இதைக் கைவிட்டுவிட்டன.

அப்படியானால் சின்னக் குழந்தைக்கு என்ன கதை சொல்வது? நான்கு வயதுக்கு இவ்வளவு போதும்: "அந்த ஊர்ல ரொம்ப ரொம்ப காலமா வாம்பனோவாக் ஜனங்க இருந்தாங்க. சோளம் எப்படி நடணும்னு அவங்களுக்குத் தெரியும். கப்பல்ல வந்தவங்களுக்கு அது தெரியாது, பசியா இருந்தாங்க. இவங்க சொல்லிக்கொடுத்தாங்க. சோளம் விளைஞ்சதும் எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டாங்க. வாம்பனோவாக் ஜனங்க இன்னைக்கும் அங்கதான் இருக்காங்க." கடைசி வாக்கியத்தை மட்டும் எக்காரணத்தாலும் விடக் கூடாது. ஏழெட்டு வயதானதும் மீதியைச் சொல்லலாம்: நடவு சொல்லிக்கொடுத்த டிஸ்குவாண்டம் 1614இல் கடத்தப்பட்டு ஸ்பெயினில் விற்கப்பட்டதையும், அவர் திரும்பி வந்தபோது சொந்த ஊரான பட்டக்செட் நோயில் அழிந்து வெறிச்சோடிக் கிடந்ததையும். பிளிமத் எழுந்தது அந்த ஊர் இருந்த இடத்திலேதான்.

படக்கதைப் புத்தகம் தேடுகிறவர்களுக்கு 2022இல் வந்த 'கீபுனுமுக்' நல்ல துணை. மாஷ்பி வாம்பனோவாக் குலத்தைச் சேர்ந்த டேனியல் கிரீன்டியர் இன்னும் இருவரோடு சேர்ந்து எழுதியது. அதில் கதையின் நடுவே நிற்பது மனிதர் அல்ல, மக்காச்சோளம்.

சோளம், பயறு, பரங்கி

வாம்பனோவாக் உள்ளிட்ட பல பூர்வகுடி மக்கள் மூன்று பயிரை ஒரே மேட்டில் சேர்த்து நட்டார்கள். மக்காச்சோளம் நிமிர்ந்து நிற்கும். பயற்றங்கொடி அதைப் பற்றி ஏறும். தன் வேரில் தங்கும் நுண்ணுயிர்களால் மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும். பரங்கி தரையில் படர்ந்து, அகன்ற இலையால் ஈரத்தைக் காத்துக் களையை அடக்கும். ஹோடினோஷோனி என்ற பூர்வகுடி மக்கள் இவற்றை மூன்று சகோதரிகள் என்கிறார்கள். நம் வாயில் பரங்கிக்காய் என்ற பெயர் இருக்கிறதே, பரங்கியர் வழி வந்த காய் என்று அதுவே சொல்லிக்கொண்டிருக்கிறது. அதன் தாய்மண் அமெரிக்கக் கண்டம்.

மூன்று சகோதரிகளும் மூன்று விளையாட்டு தருவார்கள். மணிகளை உதிர்த்த மக்காச்சோளக் கதிர்த் தண்டைப் பெயின்ட்டில் புரட்டி, தாளின் மேல் சப்பாத்திக் கட்டைபோல் உருட்டினால் புள்ளிப் புள்ளியாக ஒரு கோலம் விழும். அந்தத் தாளைக் கதிர் வடிவில் வெட்டி, பழுப்புக் காகிதத்தைக் கசக்கி மட்டையாக ஒட்டிவிட்டால் பல நிறச் சோளம் ஆயிற்று. பரங்கியை அறுக்கும்போது உள்ளே இருக்கும் நார், விதை எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் கொட்டிக் குழந்தையிடம் கொடுத்துவிடலாம். வழுவழுப்பில் கையை விட்டு விதை பொறுக்குவது அரை மணி நேர வேலை. எண்ணத் தெரிந்த குழந்தை பத்துப் பத்தாகக் குவிக்கட்டும். பாதி விதையை உப்புப் போட்டு வறுத்துப் பெரியவர்கள் கொறிக்கலாம். மீதியைக் காயவைத்தால் ஒட்டுவேலைக்கு ஆகும்.

பயறுதான் மெதுவான விளையாட்டு. நனைத்த பேப்பர் டவலை மடித்து ஜிப் பையில் வைத்து, அதில் மூன்று நான்கு ராஜ்மா விதையைச் செருகி, சன்னலில் டேப்பால் ஒட்ட வேண்டும். சில நாளில் முதலில் வேர் கீழே இறங்கும், அப்புறம் தண்டு மேலே எழும். தினமும் காலையில் பார்த்து ஒரு கோடு வரைந்துவைப்பது குழந்தையின் பொறுப்பு. பச்சை ராஜ்மா வயிற்றுக்கு ஆகாது, வாயில் போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாப்கார்ன் கோத்து மாலை செய்யும் வழக்கமும் இந்த வாரத்தில் உண்டு. 1621 விருந்தில் பாப்கார்ன் இருந்ததற்குச் சான்று எதுவும் இல்லை. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் அதை எடுக்காமலிருப்பதே நல்லது. மூச்சுக்குழலில் சிக்கும் பண்டங்களில் அது ஒன்று.

துள்ளும் கிரான்பெர்ரி

நவம்பரில் அமெரிக்கக் கடைகளில் பச்சையாகப் பையில் விற்கும் கிரான்பெர்ரியை நிறையப் பேர் சாஸ் செய்ய மட்டும் வாங்குவார்கள். ஒரு கைப்பிடி தனியே எடுத்துவைத்தால் குழந்தைக்கு ஒரு பிற்பகல் ஓடிவிடும். இதன் வயிற்றுக்குள் நான்கு காற்றறைகள் இருப்பதால் தண்ணீரில் மிதக்கும், தரையில் போட்டால் துள்ளும். 19ஆம் நூற்றாண்டில் நியூஜெர்சியில் மரக்கால் வைத்திருந்த ஜான் வெப் என்ற விவசாயி, கூடையைச் சுமந்து படியிறங்க முடியாமல் பழத்தைப் படிக்கட்டில் கொட்டினாராம். நல்ல பழம் துள்ளிக் கீழே போயிற்று, அழுகியது படியிலேயே தங்கிற்று. பின்னால் அதே தத்துவத்தில் பழம் பிரிக்கும் இயந்திரங்கள் வந்தன என்று சொல்வார்கள்.

இரண்டு மூன்று புத்தகத்தைப் படிபோல் அடுக்கிக் குழந்தை தானே அந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம். ஒரு கண்ணாடிக் கிண்ணத் தண்ணீரில் கிரான்பெர்ரி, திராட்சை, உலர்ந்த பயறு என்று ஒவ்வொன்றாகப் போட்டு எது மிதக்கும் என்று முன்கூட்டியே சொல்லச் சொல்லலாம். பழத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டினால் நான்கு அறையும் தெளிவாகத் தெரியும். கொஞ்சம் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் அழகான இளஞ்சிவப்புச் சாயம். தூரிகையில் தொட்டு வரையலாம், துணியில் கறை பிடிக்கும் என்பதால் பழைய சட்டை போட்டுவிட வேண்டும். முழுப் பழமும் முழுத் திராட்சையும் மூன்று நான்கு வயதுக் குழந்தைக்குத் தொண்டையில் அடைக்கும் அளவுள்ளவை. பெரியவர் கூடவே உட்கார்ந்திருப்பது கட்டாயம்.

பாட்டிலில் பிறக்கும் வெண்ணெய்

இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யலாம். குழந்தையின் கையால் ஆனது விருந்து மேசையில் நிஜ உணவாக வந்து உட்காரும். எல்லாரும் அதை ரொட்டியில் தடவிச் சாப்பிடுவார்கள். காகித வான்கோழி தராத பெருமை அது.

வேண்டியது ஒரு கப் ஹெவி விப்பிங் கிரீம், இறுக்கமான மூடியுள்ள ஒரு ஜாடி, ஒரு சிட்டிகை உப்பு. ஜாடி பாதிக்குமேல் நிறையக் கூடாது, குலுங்க இடம் வேண்டும். கண்ணாடி கைநழுவினால் உடையும் என்பதால் சின்னவர்களுக்குத் தடித்த பிளாஸ்டிக் ஜாடி. கிரீமை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துச் சற்று நேரம் வெளியே வைத்திருந்தால் சீக்கிரம் திரளும்.

மூடியை இறுக்கிவிட்டுக் குலுக்க வேண்டியதுதான். குழந்தை கை சலித்தால் அண்ணன், பிறகு சித்தப்பா, பிறகு தாத்தா என்று ஜாடி கைமாறட்டும். முதலில் களக் களக் என்று ஓசை கேட்கும். ஐந்து நிமிடம் போல் கழித்து ஓசை திடீரென்று நின்றுவிடும், ஜாடிக்குள் எதுவும் அசையாததுபோல் இருக்கும். பலர் கெட்டுப்போயிற்று என்று நினைத்து நிறுத்துவது இங்கேதான். உண்மையில் கிரீம் காற்றேறி நுரைத்துக் கெட்டியாகியிருக்கிறது. விடாமல் குலுக்கினால் இன்னும் சில நிமிடத்தில் தொப் தொப் என்று புது ஓசை வரும். கொழுப்புத் துளிகளைச் சுற்றியிருந்த மெல்லிய உறை உடைந்து, அவை ஒன்றோடொன்று ஒட்டி உருண்டுவிட்டன. திறந்தால் மஞ்சள் கட்டியும் சுற்றிலும் வெள்ளைத் தண்ணீரும். தயிர்ச் சிலுப்பியால் வெண்ணெய் கடைந்து பார்த்த பாட்டி வீட்டில் இருந்தால், அவர் சொல்லும் சங்கதி எந்தப் புத்தகத்தையும்விட நன்றாக இருக்கும்.

மோரை வடித்துவிட்டு, வெண்ணெயைக் குளிர்ந்த நீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். மோர் தங்கினால் சீக்கிரம் புளிக்கும். உப்புச் சேர்த்துக் கிண்ணத்தில் அமுக்கி, மேலே முள்கரண்டியால் குழந்தை கோடு போடட்டும். 1621 விருந்தில் வெண்ணெய் கிடையாது. பிளிமத்துக்குப் பசுமாடு வந்து சேர்ந்ததே 1624இல்தான்.

நன்றி மரம்

பூச்சாடியில் நான்கைந்து காய்ந்த கிளையை நிறுத்தி, கூழாங்கல் போட்டு இறுக்கினால் மரம் தயார். வண்ணத்தாளை இலை வடிவில் வெட்டி, துளையிட்டு, நூல் கட்டி வைத்துக்கொள்ள வேண்டும். தினமும் இரவுச் சாப்பாட்டின்போது வீட்டில் ஆளுக்கொரு இலை: எதற்கு நன்றி என்று சொல்ல, பெரியவர் எழுத, குழந்தை மாட்டும்.

"உனக்கு எதுக்கு நன்றி?" என்று கேட்டால் மூன்று வயதுக் குழந்தை விழிக்கும். "இன்னைக்கு உனக்கு யார் உதவி பண்ணாங்க?", "இன்னைக்கு எப்போ சிரிச்சே?" என்று கேட்டால் பதில் வரும். டைனோசர், குப்பை வண்டி, பக்கத்து வீட்டு நாய் என்று எது வந்தாலும் அப்படியே எழுத வேண்டும். "அம்மா அப்பான்னு சொல்லு" என்று திருத்தக் கூடாது. இலையில் அவர்கள் சொன்ன சொல்லும் தேதியும் இருந்தால் பத்தாண்டு கழித்து அது பொக்கிஷம்.

ஹோடினோஷோனி மக்கள் கூட்டங்களின் தொடக்கத்தில் சொல்லும் நன்றியுரைக்கு 'எல்லாவற்றுக்கும் முன்னால் வரும் சொற்கள்' என்று பொருள்படும் பெயர் உண்டு. மனிதர், மண், நீர், மீன், செடிகொடி, விலங்கு, மரம், பறவை, காற்று, இடி, சூரியன், நிலா, விண்மீன் என்று ஒவ்வொன்றாக நிறுத்தி நன்றி சொல்லிக்கொண்டே போகும். அவர்களில் ஒரு பிரிவான மோஹாக் மக்களின் தலைவர் ஜேக் ஸ்வாம்ப் அதைக் குழந்தைகளுக்கான படப் புத்தகமாக 1995இல் தந்தார். படித்துக் காட்டிவிட்டு, "நம்ம வீட்டுச் சன்னல்லேருந்து தெரியுறதுல எதுக்கெல்லாம் சொல்லலாம்?" என்று கேட்டால் நன்றி மரத்தில் மேகமும் அணிலும் வந்து தொங்கும்.

அந்த வியாழக்கிழமை

காலையில் நியூயார்க் நகரத்து மேசிஸ் கடையின் ஊர்வலம் தொலைக்காட்சியில் ஓடும். 1924இல் கடை ஊழியர்கள் வேடமிட்டு, சென்ட்ரல் பார்க் விலங்குக் காட்சிசாலையிலிருந்து கடன் வாங்கிய விலங்குகளோடு நடந்ததுதான் தொடக்கம். 1927இல் விலங்குகளுக்குப் பதில் பொம்மலாட்டக் கலைஞர் டோனி சார்க் வடிவமைத்த ராட்சத பலூன்கள் வந்தன. மேலிருந்து நூலில் ஆட்டும் பொம்மையைத் தலைகீழாக்கி, கீழிருந்து கயிற்றில் ஆட்டினால் என்ன என்பது அவருக்குத் தோன்றிய யோசனை.

வீட்டு ஊர்வலத்துக்கு ரப்பர் பலூன் வேண்டாம். ஊதாத பலூனும் உடைந்த துண்டும் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மூச்சை அடைக்கக்கூடும் என்று அமெரிக்கப் பலூன் பாக்கெட்டுகளிலேயே எச்சரிக்கை இருக்கும். மளிகைக் காகிதப் பையில் கசக்கிய செய்தித்தாளைத் திணித்து, வாயைக் கட்டி, முகம் வரைந்து, நீளக் குச்சியில் மாட்டினால் போதும். தட்டும் கரண்டியும் மேளம். கூடத்திலிருந்து அடுப்படி வழியாக மாடிப்படி வரை இரண்டு சுற்று வந்தால் உடம்பின் துறுதுறுப்பு தணியும். அடுப்படியில் இருப்பவர்களுக்கும் ஊர்வலம் பார்த்த மகிழ்ச்சி.

விருந்து மேசைக்குத் துணி விரிப்புக்குப் பதிலாகப் பழுப்பு நிறப் பார்சல் காகிதத்தை நீளமாக உருட்டிவிடலாம். முதலில் குழந்தை ஒவ்வொரு தட்டையும் கவிழ்த்து அதைச் சுற்றிக் கோடு போடட்டும். ஸ்பூன், முள்கரண்டி, தம்ளருக்கும் அப்படியே. எந்தப் பொருள் எங்கே வர வேண்டும் என்று வரைந்துவிட்டதால் மேசை போடும் வேலையைத் தானே செய்துவிடும். இரண்டு வாரம் முன்பு புத்தகங்களுக்கு அடியில் வைத்த இலையை வெளியே எடுத்து, வெள்ளை மார்க்கரால் அதில் பெயர் எழுதி, பைன் கூம்பின் இடுக்கில் செருகினால் பெயரட்டை. கூம்பை வெளியிலிருந்து பொறுக்கியிருந்தால், 200 டிகிரி பாரன்ஹீட் ஓவனில் அரை மணி வைத்துப் பூச்சிகளைப் போக்கிவிட வேண்டும். பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்வதும் அவசியம். யாரை எங்கே உட்காரவைப்பது என்ற முடிவைக் குழந்தையிடமே விட்டுவிடலாம். பாட்டிக்குப் பக்கத்தில் தன் பெயர்தான் இருக்கும்.

நடுவே ஒரு தம்ளர் நிறைய கிரயான். சாப்பாடு நீளும்போது குழந்தைகள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு இருந்த இடத்திலேயே வரைவார்கள். கொஞ்ச நேரத்தில் பெரியவர்களும் கையில் ஒன்றை எடுப்பார்கள். மாமா ஒரு கப்பல் வரைவார், அத்தை கோலம் போடுவார். பாத்திரங்களை எடுத்த பிறகு கிரேவி சிந்திய இடத்தை வெட்டித் தள்ளிவிட்டு, நல்ல பகுதியைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு, வெளிப்புறத்தில் ஆண்டை எழுதி அலமாரியின் மேல் வைத்துவிட வேண்டும். மிஞ்சிய வெண்ணெய் மறுநாள் காலை டோஸ்ட்டுக்கு.